பேரீத்தங்கொட்டையும் நெருப்பின் அளவும்

நகீர், ஃபதீல், கித்மீர் என்னும் சொற்களைத் திருக்குர்ஆன் ஓதுவோர் அறிவர். பேரீத்தங்கொட்டையின் முதுகிலுள்ள புள்ளி, பிளவிலுள்ள நூலிழை, மேலே போர்த்திய மெல்லிய சவ்வு என இவற்றுக்கு விரிவுரையாளர்கள் பொருள் கூறுவர். மிக அற்பமான அளவைச் சுட்ட வந்த சொற்கள் இவை. ஆயினும் அரபு மக்கள் கொட்டையை வீணே எறிந்தவர்கள் அல்லர். அஸ்மா பின்த் அபூபக்ர் (ரலி) அவர்கள், தம் கணவர் ஸுபைர் (ரலி) அவர்களின் நிலத்திலிருந்து கொட்டைகளைத் தலையில் சுமந்து வந்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. இடித்த கொட்டை கால்நடைக்குத் தீவனமாயிற்று.

இன்று உலகில் ஆண்டுதோறும் 90 இலட்சம் டன்னுக்கு மேல் பேரீத்தம்பழம் விளைகிறது. பழத்தின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கொட்டை. வீடுகளில் உண்ணும் பழத்தின் கொட்டை சிதறிப் போகும். பழக்கூழும் பாகும் செய்யும் ஆலைகளிலோ அது மலையாகக் குவிகிறது.

அக்கொட்டையை வறுத்துப் பொடித்துக் காப்பி போல் அருந்தும் வழக்கம் அரபு நாடுகளில் உண்டு. அதில் காஃபீன் இல்லை. ஆய்வாளரை ஈர்ப்பது வேறொன்று: தேயிலையில் காணப்படும் கேட்டகின் வகைப் பீனால்கள் கொட்டையில் மிகுதி. உயிரணுக்களைச் சிதைக்கும் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு என ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் இவற்றில் ஒரு பகுதி நார்ப்பொருளோடு பிணைந்து கிடக்கிறது. வெப்பம் அப்பிணைப்பைத் தளர்த்துகிறது. அன்றியும், 1912இல் பிரெஞ்சு அறிஞர் லூயி கமீல் மயார் விளக்கிய வினையின்படி, சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் கூடி மெலனாய்டின் எனும் பழுப்புப் பொருள்களாகின்றன. இவையும் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுப்பவையே.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. வெப்பம் மிகுந்தால் விடுபட்ட கேட்டகின்களே சிதைந்துவிடும். மேலும், 120 பாகை செல்சியசுக்கு மேல் அதே மயார் வினை அக்ரிலமைடையும் தோற்றுவிக்கும். புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என ஐயுறப்படும் இப்பொருள் வறுத்த உணவுகளில் உண்டாவதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். ஆகவே நிறம் கறுத்த பொடியே வீரியமிக்கது என்னும் எண்ணம் பிழை. பழத்தின் இனம், சூடு, நேரம் ஆகியவற்றுக்கேற்ப விளைவு மாறும். சோதனைக் குழாயில் கண்ட ஆற்றல் மனித உடலிலும் அப்படியே நிகழும் என்பதற்கும் உறுதியில்லை. சர்வரோக நிவாரணி என்று விற்போர் இதைச் சொல்வதில்லை.

வீட்டில் வறுக்க விரும்புவோர், கொட்டையில் ஒட்டிய சதையை முற்றிலும் கழுவி, நன்கு உலர்த்திய பின்பே அடுப்பிலேற்ற வேண்டும். கொட்டைக்கு முன்பே கருகுவது அச்சதையிலுள்ள சர்க்கரைதான்.