பளபளக்கும் சக்கரமும் தேய்ந்த பல்லும்

பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வீதியில் சென்றால், நம் கண் முதலில் போய் நிற்பது அதன் சக்கரங்களின் மீதுதான். வெள்ளிக் கம்பியால் இழைத்த கோலம்போல் அவை சுழல்வதைக் கண்டு மயங்காதவர் யார்? ஆனால் அந்த அழகில் மனம் பறிகொடுத்துக் காரை வாங்க நினைப்பவர், கோலத்தின் நடுப்புள்ளியைச் சற்றுக் கழற்றிப் பார்ப்பது நலம். அபாயம் ஒளிந்திருக்கும் இடம் அதுவே.

கட்டை வண்டியின் ஆரக்கால், பாரத்தைத் தூண்போல் நின்று தாங்குகிறது. கம்பிச் சக்கரத்தின் தர்மம் வேறு. அதன் கம்பிகளெல்லாம் வீணைத் தந்திபோல் முறுக்கேறி, நடுவிலுள்ள குடத்தை நாலா பக்கமும் இழுத்துப் பிடித்துக் கொண்டிருக்கின்றன. கம்பிகளை நேராக விடாமல் சாய்த்துப் பின்னும் முறைக்கு, காவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-ல் உரிமை பெற்றார். சைக்கிளுக்காகப் பிறந்த அந்த முறையே பின்னர் மோட்டாருக்கும் வந்தது.

1945 முதல் 1949 வரை ஆபிங்டனில் செய்யப்பட்ட எம்.ஜி. டி.ஸி. காரிலும், 1961-ல் வெளிவந்த ஜாகுவார் இ-டைப் காரிலும் இத்தகைய சக்கரங்களைக் காணலாம். சாதாரணக் காரைப்போல் இவற்றுக்கு நாலைந்து நட்டுகள் இல்லை. நடுவே ஒரே பெரிய நட்டு. குடத்தின் உட்புறம் வரிவரியாகப் பற்கள். அது மாட்டும் ஹப்பின் மேலும் அதேபோல் பற்கள். இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள, நட்டை இறுக்கியதும் சக்கரம் கூம்பான சரிவுகளுக்கிடையே அசையாமல் அமர்கிறது.

நட்டு சிறிது தளர்ந்தாலும் போச்சு! வேகமெடுக்கும்போதும் பிரேக் போடும்போதும் பற்கள் மோதித் தேய்கின்றன. தட்டையான பல்முனை நாளடைவில் கத்திபோல் கூராகிறது. கடைசியில் ஒரு நாள் பிரேக் பிடிக்கும், ஹப் நிற்கும், சக்கரம் மட்டும் நிற்காது.

இதைச் சோதிப்பது சுலபம். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, மற்றொருவர் சக்கரத்தை முன்னும் பின்னும் திருகட்டும். 'டக்'கென்று ஆட்டம் கண்டால் ஐயுற வேண்டியதுதான். பழைய ஹப்பில் புதுச் சக்கரம் மாட்டினால் பணம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் தேய்ந்த பல், புதுப் பல்லையும் சீக்கிரமே தின்றுவிடும். இரண்டையும் சேர்த்து மாற்றுவதே சிக்கனம்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. இடப் பக்கத்து நட்டு வலமாகச் சுற்றினால் இறுகும். வலப் பக்கத்து நட்டு இடமாகச் சுற்றினால் இறுகும். கார் ஓட ஓட நட்டு கழலாதிருக்கவே இந்த ஏற்பாடு. ஹப்புகளைப் பக்கம் மாற்றிப் பொருத்திவிட்டால், காத்த ஏற்பாடே கழற்றிவிடும் ஏற்பாடாகிவிடும்!

கம்பிகளையும் மறக்கலாகாது. பென்சிலால் தட்டினால் இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும்; தளர்ந்தது ஊமையாகிவிடும்.

பற்களுக்குச் சிறிது கிரீஸ் பூசி, செம்புச் சுத்தியால் நட்டை இறுக்கி, சில மைல் ஓட்டியபின் மறுபடியும் ஒருமுறை இறுக்கினால் போதும். கம்பிகளைத் துடைத்துப் பளபளப்பாக்கும் அதே கை, இதற்கும் ஐந்து நிமிஷம் செலவிடட்டும். காரில் ஏறி அமரும் மனைவி மக்களின் உயிர் அந்தப் பற்களின் பிடியில் இருக்கிறதல்லவா?