பன்னிரு மாலுமிகளும் நாலாயிரம் நோயாளரும்: மருத்துவ ஆய்வுகளிற் பொருண்மையும் வலுவும்

1795 ஆகஸ்டில் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைக் கைப்பற்றிய ஆங்கிலக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய ரெய்னியர் ஏறிவந்த கப்பலின் பெயர் ‘சஃபோக்’. வரலாற்று நூல்கள் அக்கப்பலின் பீரங்கிகளைப் பேசும். நாம் ஈண்டுக் கருத விழைவது அதன் மாலுமிகளின் பல்லீறுகளையே.

நெடுங்கடற் பயணத்தில் ஈறு அழுகி, பழம்புண் திறந்து, மாலுமிகள் கூட்டங்கூட்டமாக மாண்ட காலம் அது. ஸ்கர்வி எனும் அந்நோய் பகைவரின் குண்டுகளிலும் கொடிதாயிருந்தது. சஃபோக் 1794 இல் இங்கிலாந்திலிருந்து சென்னைக்குப் புறப்பட்டபோது, மாலுமிகளுக்கு நாடோறும் எலுமிச்சைச் சாறு மதுவிற் கலந்து வழங்கப்பட்டது. 23 வாரங்கள் கரையோடு தொடர்பின்றிக் கழிந்தும் ஸ்கர்வியால் ஒருவரும் இறக்கவில்லை. சிலரிடம் நோய்க்குறி தோன்றியது. சாற்றின் அளவைக் கூட்ட அதுவும் நீங்கிற்று. திருகோணமலை வீழ்ந்த அதே 1795 இல், எலுமிச்சைச் சாற்றைக் கடற்படை முழுமைக்கும் வழங்க ஆணை பிறந்தது.

முடிவு சரியானதே. ஆனால் அதற்குக் காட்டிய சான்று போதுமானதா? சாறு பெறாத கப்பல் எதுவும் அருகே ஒப்பிடப்படவில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாத வெற்றி எதையும் தனித்து நிறுவாது.

ஒப்பீடு அதற்கு 47 ஆண்டுகள் முன்னரே நிகழ்ந்திருந்தது. 1747 இல் ‘சோல்ஸ்பரி’ என்ற கப்பலில், ஜேம்ஸ் லிண்ட் என்ற வைத்தியர் ஸ்கர்வியுற்ற பன்னிருவரை ஆறு இணைகளாகப் பிரித்தார். உணவும் உறைவிடமும் அனைவருக்கும் ஒன்று. மருந்து மட்டும் இணைக்கு ஒன்று. ஓர் இணைக்குக் கடல்நீர், இன்னோர் இணைக்கு வினாகிரி என அமைந்த அவ்வரிசையில், ஓர் இணைக்குத் தோடம்பழமும் எலுமிச்சையும் கிடைத்தன. ஆறு நாளிற் பழம் தீர்ந்துபோயிற்று. ஆயினும் அவ்விருவருள் ஒருவர் கடமைக்குத் திரும்பும் நிலையை எய்தினார். மற்றவர் ஏனையோரைப் பராமரிக்க அமர்த்தப்பட்டார். (தம்மீது சோதனை நடத்த அப்பன்னிருவரின் சம்மதம் கேட்கப்பட்டதா என்ற வினா அந்நாளில் எவருக்கும் எழவில்லை.)

இதனைப் புள்ளிவிபரவியல் எவ்வாறு நோக்கும்? பழத்துக்கு எவ்வித ஆற்றலும் இல்லை என வைத்துக்கொள்வோம். இதுவே சூனியக் கருதுகோள். எம்மருந்தைப் பெற்றாலும் குறித்த இருவர் எப்படியும் தேறியிருப்பர் என்பது இதன் பொருள். பன்னிருவரில் இருவரைத் தெரிவு செய்ய 66 வழிகள் உள. எனவே தேறிய இருவரும் பழம்பெற்ற இணையாகவே அமைதற்குரிய நிகழ்தகவு 66 இல் 1, அதாவது 1.5 சதவீதம். 5 சதவீதத்துக்குக் குறைந்தால் முடிவு ‘பொருண்மை உடையது’ என்பது ஆய்வுலக மரபு. ரொனால்ட் ஃபிஷரின் 1925 ஆம் ஆண்டு நூலால் பரவிய இவ்வெல்லை வசதி கருதிய வழக்கேயன்றி இயற்கை விதியன்று.

ஆனால் லிண்ட் பழத்தை முன்கூட்டியே சுட்டிச் சோதிக்கவில்லை எனின், ஆறு இணைகளில் எது தேறியிருப்பினும் அதனையே நாம் வியந்திருப்போம். அப்போது நிகழ்தகவு 66 இல் 6. ஏறக்குறைய 9 சதவீதம். பொருண்மை மறைந்துவிடுகிறது! எண்கள் மாறவில்லை, வினாவே மாறிற்று. முடிவுகளைக் கண்டபின் கருதுகோளை வகுப்போர் இன்றும் உளர் என்பதால் இதனை வற்புறுத்துகிறோம்.

பழத்தின் ஆற்றல் மிகப் பெரிது. ஆதலின் இருவரிலும் அது புலப்பட்டது. இக்கால மருந்துகளிற் பல நூறு பேரில் ஓரிருவரையே மேலதிகமாகக் காப்பன. அத்தகைய சிறு பயன் மெய்யாகவே இருப்பின் அதனைக் கண்டுகொள்ள ஓர் ஆய்வுக்குள்ள வாய்ப்பே ‘வலு’ எனப்படும். கண் பெரிய வலையில் நெத்தலி அகப்படாமை கடலில் நெத்தலி இல்லை என்பதற்குச் சான்றாகாது.

நம் அயலிலேயே இதற்கு உதாரணம் உண்டு. அநுராதபுரம், பொலன்னறுவை ஆகியன திருகோணமலையின் எல்லை மாவட்டங்கள். மஞ்சள் அலரி நஞ்சுண்டோர்க்குச் செயலூட்டிய கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுத்தல் பயன் தருமா என்று அநுராதபுரத்தில் ஆராயப்பட்டது. முடிவு 2003 இல் வெளிவந்தது. முதற்கரி எல்லோர்க்கும் கொடுக்கப்பட்டது. பின் 201 பேர் மூன்று நாள் கரியும், 200 பேர் வெறும் நீரும் பெற்றனர். இறந்தோர் முறையே 5, 16. நிகழ்தகவு 0.025. இதன் கருத்து, மருந்து 97.5 சதவீதம் உறுதி என்பதன்று. கரியால் மேலதிகப் பயன் இல்லாவிடின் இத்துணை வேறுபாடோ இதனினும் மிக்கதோ நூற்றுக்கு இரண்டரைத் தடவை தோன்றலாம் என்பதே.

பயன் மிதமானது, 8 சதவீத மரணத்தை 6 ஆக்குவது என்று கொள்வோம். இருநூறு இருநூறு பேர் கொண்ட ஆய்வு அதனைக் கண்டுகொள்ளும் வாய்ப்பு எட்டில் ஒன்றுக்கு மேற்படாது என்பது எமது கணிப்பு. நூற்றுக்கு எண்பது வாய்ப்பு வேண்டின் ஒவ்வொரு குழுவிலும் ஏறத்தாழ 2,500 பேர் தேவை. மேலும், ஒரு பக்கம் 16 பேர் இறக்கும்போது மறுபக்கம் 6 அல்லது அதற்குக் குறைவானோர் இறந்தாலன்றி அவ்வாய்வு 5 சதவீத எல்லையைக் கடக்காது. ஆகவே மெய்யான பயன் 16 ஐ 12 ஆக்குவதே எனின், அதிர்ஷ்டம் அதனைப் பெருக்கிக் காட்டும்போது மட்டுமே சிறிய ஆய்வு ‘வெற்றி’ பெறும். வலுக்குறைந்த ஆய்வின் பொருண்மையான முடிவு பெரும்பாலும் மிகைக்கூற்றாகிவிடுவது இதனாலேயே.

2008 இல் வெளியான அடுத்த ஆய்வு, மேற்கூறிய இரு நகரங்கள் உட்பட மூன்று வைத்தியசாலைகளில் 4,632 பேரைச் சேர்த்துக்கொண்டது. அலரி மட்டுமன்றிப் பூச்சிநாசினி முதலியன உட்கொண்டோரும் இதில் அடங்குவர். கரி பெறாதோருள் 6.8 சதவீதமும், ஒருதடவை பெற்றோருள் 7.1 சதவீதமும், ஆறு தடவை பெற்றோருள் 6.3 சதவீதமும் இறந்தனர். எதிர்பார்த்த பெரும் பயன் காணப்படவில்லை. கரி கொடுத்த முறையும் நோயாளரின் நஞ்சும் வேறாகையால், முன்னைய ஆய்வைப் பொய்யெனத் தள்ளுவதும் பொருந்தாது.

இது ஏட்டு விவாதமன்று. கரி மலிவாயினும், வாந்தியெடுக்கும் நோயாளிக்கு அதனைப் பலதடவை புகட்டுதல் எளிதன்று. ஆளணி குறைந்த விடுதியில் அவ்வேளையில் வேறொரு நோயாளி கவனிப்பாரின்றிக் கிடப்பார். எட்டுக்கும் ஆறுக்கும் உள்ள வேறுபாட்டைத் தன் அனுபவத்தாற் கண்டறிய எந்த வைத்தியராலும் இயலாது. பெரிய ஆய்வுகளோ பெரும்பாலும் செல்வ நாடுகளின் நிதியிலேயே தங்கியுள்ளன. எந்த வினா கேட்கப்படும் என்பதையும் அந்நிதி தீர்மானிக்கிறது.

2008 ஆய்வு ஆறு தடவைக் கரியையும் கரியின்மையையும் ஒப்பிட்டுத் தந்த விகிதம் 0.96, அதன் நம்பிக்கை எல்லைகள் 0.70, 1.33. மரணவாய்ப்பு நூற்றுக்கு முப்பது பங்கு குறைந்திருத்தலும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியிருத்தலும் இவ்வெல்லைகளுள் அடங்கும். நாலாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்தும் இவ்வளவே சொல்ல முடிந்தது.