சப்பாத்து வாங்குமுன் பிரஷர் பாருங்கள்

பாடசாலைக் காலத்தில் 1500 மீற்றரில் பதக்கம் வாங்கியவர். இப்போது வயது நாற்பதைத் தொடுகிறது. அலுவலகக் கதிரை, வீடு போய்வர ஓட்டோ, இரவில் கொத்து ரொட்டி என்று பதினைந்து வருடங்கள் கழிந்துவிட்டன. டிசம்பர் 31 இரவு, “நாளையிலிருந்து தினமும் ஐந்து கிலோமீற்றர்” என்று சபதம் எடுக்கிறார். மறுநாள் இருட்டோடு எழுந்து, பழைய நினைப்பில் பழைய வேகத்திலேயே ஓடுகிறார். இரண்டாம் வாரத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்போரம் வலி. பார்மசியில் வாய்ச்சொல்லாகக் கேட்டு டைக்ளோபெனக் குளுசை வாங்கி விழுங்கிவிட்டு மறுபடியும் ஓடுகிறார். தைப்பொங்கலுக்குப் பிறகு நொண்டுகிறார். பிறகு மூன்று மாதம் ஓட்டமே இல்லை. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா வந்ததும், கூட்டாளிகள் உசுப்பேற்ற, எந்தப் பயிற்சியும் இல்லாமல் ஊர் மரதனில் இறங்குகிறார்.

மாத்தளையிலும் உக்குவெலயிலும் ரத்தொட்டையிலும் வருடாவருடம் காணக்கிடைக்கும் ஆள் இவர். மன உறுதி போதாது என்று இவரைக் குறை சொல்வது எளிது. உண்மையில் இவர் செய்த பிழை வரிசைப் பிழை. பரிசோதனை முதலில், நடை இரண்டாவது, ஓட்டம் மூன்றாவது, போட்டி கடைசி. இவர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டார்.

இலங்கையில் நிகழும் மரணங்களில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை இதய நோய், நீரிழிவு, புற்றுநோய், சுவாச நோய் போன்ற தொற்றா நோய்களால் வருபவை. பிரஷரும் சீனியும் கொலஸ்ட்ரோலும் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்பில் இருக்கக்கூடியவை. நன்றாக நடமாடுகிறேன், எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்பவருக்கும் அவை இருக்கலாம். தேயிலை மலையில் நாள் முழுதும் ஏறி இறங்கும் தோட்டத் தொழிலாளிக்கும் இருக்கலாம். ஆகவே 35 வயது தாண்டியவர் ஓடத் தொடங்குமுன் செய்யவேண்டிய முதல் வேலை, சுகவாழ்வு நிலையத்துக்குப் போவது.

சுகாதார அமைச்சு அரச வைத்தியசாலைகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் நடத்தும் இந்த நிலையங்களில் பரிசோதனை இலவசம். 35 வயதுக்கு மேற்பட்ட, இன்னும் நோயாளியென்று பதியப்படாத ஆட்களுக்காகவே இவை இயங்குகின்றன. உயரம், நிறை, குருதி அழுத்தம், இரத்தச் சீனி, கொலஸ்ட்ரோல் ஆகியவற்றைப் பார்த்து, அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் வாய்ப்பு எவ்வளவு என்று கணித்துச் சொல்வார்கள். இத்தனையும் காசில்லாமல் கிடைக்கும்போது, பத்தாயிரம் ரூபாவுக்கு மேல் கொடுத்துச் சப்பாத்து வாங்கும் ஒருவர் இந்தப் பக்கமே எட்டிப்பார்க்காததை என்னவென்று சொல்வது?

போகும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். நிலையம் எல்லா நாளும் இயங்காது. உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அல்லது குடும்பநல உத்தியோகத்தரிடம் நாளையும் இடத்தையும் முதலில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். முந்தின இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு மணித்தியாலமாவது தண்ணீர் தவிர வேறெதுவும் எடுக்காமல் காலையிலேயே போக வேண்டும். ஒரு வாய்ப் பிளேன்டீ குடித்துவிட்டுப் போய்த் திரும்பி வருபவர்கள் ஏராளம். தேசிய அடையாள அட்டை, ஏற்கெனவே கிளினிக் கொப்பி இருந்தால் அது, பாவிக்கும் குளுசைகளின் உறைகள் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். வைத்தியரிடம் மூன்று விடயங்களை வாய்திறந்து சொல்ல வேண்டும்: ஓடத் தொடங்கப் போகிறேன் என்பது, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால் அது, நடக்கும்போதோ படியேறும்போதோ நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வந்திருந்தால் அது. கடைசி இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால், ஈசிஜியும் மேற்பரிசோதனையும் முடியும்வரை ஓட்டமே கூடாது. அங்கே தரும் பதிவு அட்டையைத் தொலைக்கக் கூடாது. அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம். பெண்களுக்கு இதற்குச் சமாந்தரமாகச் சுகமகளிர் கிளினிக்கும் உண்டு.

நாட்சம்பளத்தை இழந்து கிளினிக் போக முடியாத தோட்டத்து மக்கள், தோட்டத் தலைவர் மூலமாகவோ கோயில் நிர்வாக சபை மூலமாகவோ சுகாதார வைத்திய அதிகாரிக்குக் கடிதம் கொடுத்து, தோட்டத்துக்கே வந்து நடமாடும் பரிசோதனை நடத்தும்படி கேட்கலாம். வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள். எழுத்தில் கேட்க வேண்டும், பிரதியில் திகதி முத்திரை வாங்க வேண்டும்.

பரிசோதனையில் பிரஷரோ சீனியோ இருப்பதாகத் தெரிந்தால் சபதத்தைக் கைவிட வேண்டியதில்லை. மருந்தோடு நடையைத் தொடங்கி, வைத்தியர் சொல்லும்போது ஓட்டத்துக்கு மாறலாம். தெரியாமல் ஓடுவதுதான் ஆபத்து.

சபதத்தை எப்படி எழுதுவது? அமெரிக்காவின் ஸ்கிரான்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஜோன் நோர்க்ரொஸ் 1980களில் புத்தாண்டுச் சபதம் எடுத்த 200 பேரைப் பின்தொடர்ந்தார். முதல் வாரம் தாக்குப்பிடித்தவர்கள் 77 சதவீதம். இரண்டு வருடம் கழித்து மிஞ்சியவர்கள் 19 சதவீதம். “பத்துக் கிலோ குறைப்பேன்” என்பது முடிவைப் பற்றிய ஆசை. “செவ்வாய், வியாழன், ஞாயிறு மாலை ஐந்தரைக்கு மைதானத்தில் அரை மணித்தியாலம்” என்பது செய்யக்கூடிய செயல். இரண்டாவது வகையில் எழுதப்பட்ட சபதத்துக்கே ஆயுள் அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி பெரியவர்களுக்குக் கேட்பதும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலசைவுதான். நாளொன்றுக்கு ஐந்து கிலோமீற்றர் என்று எங்கும் சொல்லவில்லை.

ஜனவரி முதலாம் திகதிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 15 வாரங்கள் இருக்கின்றன. பொறுமையிருந்தால் இது தாராளம். முதல் இரண்டு வாரம் வெறும் வேக நடை, வாரத்தில் நான்கு நாள், அரை மணித்தியாலம். மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாறி மாறி, வாரத்தில் மூன்றே நாள். இரண்டு வாரத்துக்கொரு தடவை ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டி நடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு போனால், மார்ச் நடுப்பகுதியில் இருபது நிமிடமாவது நிற்காமல் ஓட வரும். ஓடும்போது பக்கத்தில் வருபவரோடு முழு வசனம் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கி வார்த்தை அறுந்தால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். ஒரு வாரம் மழையாலோ காய்ச்சலாலோ தவறினால், விட்ட இடத்தில் தொடங்காமல் ஒரு படி பின்னால் போய்த் தொடங்க வேண்டும்.

பழைய ஓட்டக்காரருக்கே இந்த எச்சரிக்கை அதிகம் தேவை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழக்கத்துக்கு வந்துவிடும். குதிக்கால் நரம்புக்கும் தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்காகும். எஞ்சின் திருத்தி முடித்த பஸ்ஸைத் தேய்ந்த டயரோடு மலையிறக்கத்தில் விடுவது போன்ற நிலைமை இது. நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஓர் ஆய்வில், புதிதாக ஓட வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் காயப்பட்டார். தூரத்தை மெதுவாகக் கூட்டிய குழுவும் வேகமாகக் கூட்டிய குழுவும் இதில் வேறுபடவில்லை. அட்டவணை மட்டும் காப்பாற்றாது. வலி சொல்வதைக் கேட்பவரே தப்புவார்.

எலும்பின் ஒரே புள்ளியில் விரலால் அழுத்தினால் சுருக்கென்று வலிக்கிறதா? இரவிலும் வலிக்கிறதா? உடனே ஓட்டத்தை நிறுத்தி, மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையின் அல்லது அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போக வேண்டும். ஓட்டத்தால் வரும் மெல்லிய எலும்பு வெடிப்பு முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். படத்தில் ஒன்றுமில்லை என்று சொன்னாலும் வலி தொடர்ந்தால் மறுபடி போக வேண்டும். பிசியோதெரபிக்கு அனுப்பும்படி கேட்க வேண்டும். வலிக்குளுசையை விழுங்கிவிட்டு ஓடக் கூடாது. காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவியிருக்கும் வில்கமுவ போன்ற பகுதிகளில் இதை இருமுறை சொல்ல வேண்டும்: டைக்ளோபெனக், ஐபுபுரூபன் போன்ற குளுசைகளும் வியர்த்து வற்றிய உடம்பும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கேடு. காய்ச்சலோடு ஓடவே கூடாது. டெங்குக் காலத்தில் காய்ச்சலுக்கு இந்தக் குளுசைகளைத் தொடவும் கூடாது.

எங்கே ஓடுவது என்பதிலும் அலட்சியம் மிகுதி. ஜனவரியில் சூரியன் ஆறு மணி கழித்தே எழும்புகிறது. ஐந்து மணி இருட்டில் கறுப்பு உடுப்போடு ஏ9 வீதியில், காதில் பாட்டோடு, வாகனங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஓடுகிறார்கள். இடப்பக்கம் வாகனம் ஓடும் நாட்டில் வலப்பக்க ஓரமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி ஓட வேண்டும். வெளிர்நிற உடுப்பு, காது திறந்தபடி. சீகிரியா, தம்புள்ளைப் பக்கத்துக் காட்டோர வீதிகளில் விடியலும் அந்தியும் யானை நடமாடும் நேரம்; அங்கே வெளிச்சம் வந்த பிறகே ஓடலாம். ரிவஸ்டன் வீதியிலும் நக்கிள்ஸ் மலைச்சரிவுகளிலும் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் விட்டுப்போன வெடிப்புகளை லேசாக எடுக்கக் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாளில் அந்த வீதிகளில் கால் வைக்கக் கூடாது. சந்தேகமென்றால் 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம்.

ஓடும் வழியில் நாய் கடித்தால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நீர்வெறுப்புத் தடுப்பூசி அங்கே இலவசம். நாயைக் கொல்லாமல் இரண்டு வாரம் கவனிக்க வேண்டும். ஊசித் திகதிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது.

ஓடும் பெண்ணின் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்து கேலி பேசுவதையும் தொடுவதையும் வழக்கமான தொல்லை என்று சகித்துக்கொள்ளச் சொல்வோர் இன்னும் இருக்கிறார்கள். 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு ஐந்து வருடம் வரை சிறைக்குரிய குற்றம். வாகன இலக்கத்தைக் குறித்துக்கொண்டு 119க்கு அல்லது பெண்களுக்கான 1938க்கு அழைக்கலாம். வாகனம் மோதிவிட்டுப் போனாலும் இலக்கம்தான் முதலில் தேவை. எல்லா மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாந்தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். பொலிஸ் முறைப்பாடு இல்லாமல் நட்டஈட்டுப் பேச்சு நகராது. முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்காமல் நிலையத்தை விட்டு வரக்கூடாது.

ஊர் மரதனுக்கு வருவோம். 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓட்டத்தில் மயங்கி விழுந்த 16 வயது மாணவன் உயிரிழந்தான். நாடெங்கும் வெயில் சுட்ட நாட்கள் அவை. மாத்தளையிலும் ஜனவரி தொடக்கம் இல்ல விளையாட்டுப் போட்டிகள், ஏப்ரலில் புத்தாண்டு விழாக்கள். பெற்றோரும் ஓட்டக்காரரும் பெயர் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை உண்டு. எத்தனை மணிக்குத் தொடக்கம்? வழியில் எங்கெங்கே தண்ணீர்? அம்புலன்ஸ் எங்கே நிற்கும்? விழுந்தவருக்கு நெஞ்சழுத்தி முதலுதவி செய்யத் தெரிந்தவர் யார்? வீதியைப் பாவிக்கப் பொலிஸ் அனுமதி உண்டா? பதில் இல்லாத விழாவில் ஓடத் தேவையில்லை. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மரதன், அரை மரதன் ஓடிய 1 கோடி 9 இலட்சம் பேரில் 59 பேருக்கு இதயம் நின்றது. 42 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களைப் பெரிதும் காப்பாற்றியது பக்கத்தில் நின்றவர் உடனே நெஞ்சை அழுத்தியதுதான். வெயிலில் உளறி விழுந்தவரை நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்துக்கொண்டே 1990 சுவசெரியவை அழைக்க வேண்டும்.

பணம் வாங்கிப் போட்டி நடத்துவோர், “எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல” என்ற தாளில் கையெழுத்து வாங்குவது வழக்கம். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தின்படி, தொழிலாக நடத்துபவர் தமது கவனயீனத்தால் வந்த மரணத்துக்கும் காயத்துக்குமான பொறுப்பை இப்படி ஒரு வரியால் உதறிவிட முடியாது. கையெழுத்திட்ட தாளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மக்கள் வீதிக்கு வருவதற்குப் பெரிய காரணம், பொது மைதானம் பூட்டிக் கிடப்பதும் விளக்கு எரியாததும். விளையாட்டுக்கென மாத்தளை மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளிலும் உத்தியோகத்தர் இருக்கிறார்கள்; மைதானமோ சபையின் பொறுப்பு என்று ஒருவர் மற்றவரைக் காட்டுவதே நடக்கிறது. இந்தப் பந்தாட்டத்தை நிறுத்தும் வழி கடிதம்தான். மாநகர ஆணையாளருக்கு அல்லது பிரதேச சபைச் செயலாளருக்கு, நேரத்துக்குத் திறக்கும்படி, விளக்குப் போடும்படி, கையெழுத்துகளோடு பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தருக்குப் பிரதி கொடுக்க வேண்டும். தமிழில் எழுதலாம், அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி பதிலும் தமிழில் பெற உரிமையுண்டு. சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். சபையின் தகவல் அலுவலரிடம், மைதானப் பராமரிப்புக்கு இந்த வருடம் ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு, திறக்கும் நேரத்தைத் தீர்மானித்த கூட்டக் குறிப்பு எங்கே என்று கேட்க வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பம் பெற்றதற்கான எழுத்துச் சான்றை அப்போதே வாங்க வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும். மறுத்தாலோ மௌனம் சாதித்தாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அங்கும் தீராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இந்தத் திகதிகளை ஓட்ட அட்டவணை ஒட்டிய அதே நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டும். காலக்கெடு தவறிய மேன்முறையீட்டை நிராகரிப்பது அலுவலகங்களுக்கு மிக வசதியான வேலை.