பாசிமணி வாங்கப் போகிறீர்களா?

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்வரும் ஒரு பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து மணி கோத்து மாலை செய்கிறாள். அக்கம் பக்கத்தார் வாங்கிக் கொள்கிறார்கள். மணிக்காக அவள் கடைக்குப் போவதில்லை. செல்பேசியில் படம் பார்த்துப் பணம் கட்டுகிறாள். வீட்டுக்கே பொட்டலம் வருகிறது.

சென்ற மாதம் வந்த பொட்டலத்தைப் பிரித்ததும் அவள் முகம் வாடிவிட்டது. சூதுபவளம் என்னும் சிவப்புக் கல் மணி என்று போட்டிருந்தார்கள். வந்ததோ சாயம் பூசிய கண்ணாடி! படத்தில் சுண்டைக்காய் அளவு. கையில் எடுத்தால் கடுகு அளவு! 600 ரூபாய் போயிற்று. மாலைக்கு முன்பணம் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

"கண்ணால் பாராமல் வாங்கலாமா?" என்று மாமியார் கோபித்துக் கொண்டார்.

மாமியார் கேட்டது நியாயம்தான். ஆனால் கண் காணாத ஊரோடு மணி வியாபாரம் செய்வது இந்த வட்டாரத்துக்குப் புதிது அல்ல. 2,000 ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது.

திருப்பூரைத் தாண்டி நொய்யல் ஆறு கிழக்கே ஓடுகிறது. அதன் கரையில், ஈரோடு மாவட்டத்தில், கொடுமணல் என்று ஒரு சிற்றூர். 1985-ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். தீட்டாத கல், பாதி தீட்டிய கல், துளை போடாத மணி, மெருகு ஏறிய மணி எல்லாம் கிடைத்தன. மணி செய்த பட்டறை ஊர் என்று தெரிந்தது. ஒரே கல்லறையில் 2,000-க்கு மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன!

கடல்நீர் நிறமுள்ள பெரில் என்ற கல், காங்கயத்துக்கு அருகே படியூரில் கிடைத்தது. நீலக்கல் சிவன்மலைப் பக்கம். சூதுபவளம் மட்டும் இங்கே கிடையாது. குஜராத், மராட்டியப் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். ஆக, கொடுமணல்காரரும் தூரத்துச் சரக்கை நம்பித்தான் தொழில் செய்தார்!

கொங்கு நாட்டுக்கும் ரோமாபுரிக்கும் வியாபாரம் நடந்தது. திருப்பூருக்கு அருகே கத்தாங்கண்ணியில் ரோமாபுரி வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்திருக்கின்றன.

அந்த நாளில் ரோமாபுரியில் பிளினி என்ற அறிஞர் இருந்தார். கி.பி. 79-இல் இறந்தவர். பெரில் கல் இந்தியாவைத் தவிர வேறு இடங்களில் அரிது என்று எழுதினார். அதோடு விடவில்லை. இந்தியர்கள் பளிங்குக்குச் சாயம் ஏற்றிப் போலிக் கல் செய்கிறார்கள் என்றும் எழுதிவிட்டார்! ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. அந்த மட்டில் கொடுமணல் தப்பியது. ரோமாபுரிச் சீமாட்டி ஒருத்தியும் நம் திருப்பூர்ப் பெண்ணைப்போல முகம் வாடியிருப்பாள்.

சரி, ஏமாறாமல் வாங்குவது எப்படி?

படத்தை நம்பாதீர்கள். மில்லிமீட்டர் கணக்கைப் பாருங்கள். பள்ளிக்கூட அளவுகோலில் ஒரு சிறு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர். 40 சென்டிமீட்டர் மாலைக்கு 4 மில்லிமீட்டர் மணி 100 வேண்டும். 8 மில்லிமீட்டர் என்றால் 50 போதும். சிறு கண்ணாடிப் பாசிக்கு நம்பர் சொல்வார்கள். நம்பர் கூடினால் மணி சிறுக்கும்! 6-ஆம் நம்பர் சுமார் 4 மில்லிமீட்டர். 11-ஆம் நம்பர் சுமார் 2 மில்லிமீட்டர்தான்.

கல்லா, கண்ணாடியா? பூதக்கண்ணாடியில் பாருங்கள். உள்ளே உருண்டைக் குமிழி தெரிந்தால் அநேகமாகக் கண்ணாடி. சூதுபவளம் கண்ணாடித் துண்டைக் கீறும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். பூசிய சாயம் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை கொஞ்சமாக வாங்குங்கள்.

விளம்பரத்தில் சொன்னது ஒன்று, வந்தது வேறு என்றால் விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக் கூடாது. 2020-ஆம் ஆண்டு மத்திய அரசு போட்ட விதி இது. மறுத்தால் 1915 என்ற எண்ணுக்குப் பேசிப் புகார் செய்யலாம்.

திருப்பூர்ப் பெண் மணியை அளவுகோலின் மேல் வைத்துப் படம் எடுத்தாள். விற்றவருக்கு அனுப்பினாள். இரண்டு முறை கேட்ட பிறகு பணம் திரும்பி வந்தது. அடுத்த பொட்டலம் வந்தபோது மாமியாரே முன்னால் வந்து உட்கார்ந்தார். கையில் பேரனின் அளவுகோல்!