கௌரவத்துக்கு வாங்கிய கார்கள்

நொடித்துப் போன பெரிய குடும்பங்களில் ஒரு விசேஷத்தைக் காணலாம். வயலை முதலில் விற்பார்கள். வீட்டை அடமானம் வைப்பார்கள். ஆனால் வாசலில் நிற்கும் கோச் வண்டியையும் குதிரையையும் மட்டும் கடைசி வரையில் கைவிட மாட்டார்கள். சோறு போடுவது வயல், செலவு வைப்பது குதிரை என்பது அவர்களுக்குத் தெரியாமலில்லை. வயலை விற்றால் பத்திரம் எழுதுகிறவருக்கு மட்டுந்தான் தெரியும். குதிரையை விற்றால் மறுநாள் காலையில் ஊர் முழுவதும் தெரிந்துவிடும். அவ்வளவுதான் காரணம்!

இந்தச் சோதனை குடும்பங்களுக்கு மட்டும் வருவதன்று. உலகத்தின் மிகப் பெரிய மோட்டார் கம்பெனிகளில் ஒன்றான அமெரிக்க ஃபோர்டு கம்பெனிக்கும் 2006-ஆம் வருஷத்தில் இதே சோதனை வந்தது. அப்போது அக்கம்பெனி எதை விற்றது, எதை வைத்துக்கொண்டது என்ற வரலாறு நம் நேயர்கள் அறிந்துகொள்ளத் தக்கது. அந்த வரலாற்றில் நம் தேசத்துக்கும், சென்னைக்கு அருகிலுள்ள மறைமலைநகருக்கும் பங்கு உண்டு.

எல்லாருக்கும் ஒரு வண்டி

ஹென்றி ஃபோர்டு தமது கம்பெனியை 1903-இல் ஆரம்பித்தார். மோட்டார் வண்டி என்பது சீமான்களின் விளையாட்டுப் பொருளாயிருந்த காலம் அது. குடியானவனும் தொழிலாளியும் வாங்கக் கூடிய வண்டி ஒன்றைச் செய்ய வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். 1908-இல் ‘மாடல் டி’ வண்டி வெளிவந்தது. 1913-இல், வண்டி நகர்ந்துகொண்டே வர, தொழிலாளிகள் நின்ற இடத்தில் நின்றபடியே ஒவ்வொரு பாகமாகப் பூட்டும் முறையைத் தொழிற்சாலையில் ஏற்படுத்தினார். ஆரம்பத்தில் 850 டாலர் விலையாயிருந்த வண்டி, 1925-ஆம் வருஷத்துக்குள் 300 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. 1927-இல் அந்த வண்டியைச் செய்வதை நிறுத்தியபோது, ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்றிருந்தன.

ஆகவே, ஃபோர்டு என்ற பெயருக்கு மதிப்புத் தேடித் தந்தவர்கள் பாமர ஜனங்களே. ஆயினும், பாமர ஜனங்களால் பணக்காரரானவர்களுக்குப் பணக்காரர்களின் மதிப்பையும் பெற வேண்டும் என்ற ஆசை சில சமயம் உண்டாகிவிடுகிறது. கடன்பட்டுக் கிடந்த லிங்கன் என்னும் உயர்தர மோட்டார் கம்பெனியை 1922-லேயே ஃபோர்டு வாங்கியது. அந்த ஒன்றோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே நேர்ந்திராது.

சீமான் வீட்டுச் சம்பந்தம்

1987-இல் ஆஸ்டன் மார்ட்டின் என்னும் இங்கிலீஷ் கம்பெனியின் பெரும் பங்கு ஃபோர்டின் கைக்கு வந்தது. இரண்டு வருஷம் கழித்து, ஏறக்குறைய 250 கோடி டாலர் கொடுத்து ஜாகுவாரை வாங்கினார்கள். ஸ்வீடன் தேசத்து வோல்வோவின் கார் தொழிலை 1999-இல் 645 கோடி டாலருக்கு வாங்கினார்கள். அடுத்த வருஷம், ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனியிடமிருந்து லாண்ட் ரோவரையும் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் வைத்தார்கள்.

வாங்கியவை அற்பப் பொருள்கள் அல்ல. ஜாகுவாரைத் தோற்றுவித்த வில்லியம் லையன்ஸ், மோட்டார் சைக்கிளுக்குப் பக்க வண்டி செய்பவராகத் தொழில் ஆரம்பித்தவர். 1961-இல் அவருடைய கம்பெனி வெளியிட்ட ‘ஈ-டைப்’ காரின் அழகை இன்றும் பேசுகிறார்கள். வோல்வோவின் எஞ்சினீயர் நீல்ஸ் போலின் 1959-இல் அமைத்த மூன்று முனைப் பாதுகாப்புப் பட்டையைப் பிற கம்பெனிகளும் உபயோகிக்கலாம் என்று அனுமதித்தது வோல்வோ. எத்தனையோ லட்சம் உயிர்களைக் காத்த பட்டை அது!

ஆனால், சம்பந்தம் செய்துகொள்வது வேறு. குடித்தனம் நடத்துவது வேறு. பல கம்பெனிகளை ஒருங்கே வைத்திருந்தால், ஒன்றுக்குச் செய்த அடிச்சட்டத்தையும் பாகங்களையும் மற்றொன்றுக்கும் உபயோகித்துச் செலவைக் குறைக்கலாம் என்பது ஃபோர்டின் கணக்கு. கணக்கு சரிதான். எனினும், 2001-இல் ஃபோர்டின் ‘மாண்டியோ’ கார் அமைப்பைத் தழுவிச் சிறிய ஜாகுவார் ஒன்றைச் செய்தபோது, “இது ஜாகுவார் வேஷம் போட்ட ஃபோர்டு அல்லவா?” என்று ஜனங்கள் ஏளனம் செய்தார்கள். ஜாகுவாருக்கென்று தனியாகச் செய்தாலோ செலவு தாங்கவில்லை. பொதுவாகச் செய்தால் மதிப்புப் போயிற்று. தனியாகச் செய்தால் பணம் போயிற்று!

நஷ்டமும் அடமானமும்

இதற்கிடையில் தாய்க் கம்பெனியின் நிலைமை மோசமாயிற்று. பெட்ரோல் அதிகம் குடிக்கும் பெரிய வண்டிகளையே லாபத்துக்கு நம்பியிருந்தது ஃபோர்டு. பெட்ரோல் விலை ஏறியதும் ஜனங்கள் ஜப்பானியச் சிறு கார்களை நாடினார்கள். 2006-ஆம் வருஷத்தில் மட்டும் ஃபோர்டுக்கு ஏற்பட்ட நஷ்டம் ஏறக்குறைய 1,270 கோடி டாலர். பதினான்கு தொழிற்சாலைகளை மூடவும், இருபத்தையாயிரம் பேருக்கு மேல் வேலையைக் குறைக்கவும் அவ்வருஷத் தொடக்கத்திலேயே திட்டம் வெளியாகியிருந்தது.

ஹென்றி ஃபோர்டின் கொள்ளுப் பேரரான வில்லியம் ஃபோர்டு அப்போது நிர்வாகத் தலைவராயிருந்தார். தம்மால் இயலவில்லை என்று கண்டதும், பதவியைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கும் பெருந்தன்மை அவருக்கு இருந்தது. ஆகாய விமானம் செய்யும் போயிங் கம்பெனியிலிருந்து ஆலன் முலாலி என்பவர் வந்தார். பெரிய அதிகாரிகள் கார் நிறுத்தும் இடத்தை அவர் பார்த்தபோது, அங்கே ஜாகுவாரும் லாண்ட் ரோவரும் நின்றனவேயன்றி ஃபோர்டு வண்டி ஒன்றுகூட இல்லை என்று சொல்வார்கள். தம் கடைச் சரக்கைத் தாமே உண்ணாத வியாபாரியின் கடை எவ்வாறு செழிக்கும்?

முலாலி இரண்டு காரியங்கள் செய்தார். முதலாவது, தொழிற்சாலைகள் முதலியவற்றை மட்டுமன்றி, நீல நிற நீள்வட்டத்துக்குள் எழுதிய ‘ஃபோர்டு’ என்ற அடையாளச் சின்னத்தையும் ஈடு வைத்து 2,300 கோடி டாலருக்கு மேல் கடனுக்கு ஏற்பாடு செய்தார். நம் வீடுகளில் தாலியை அடகு வைப்பது போன்ற காரியம் இது! இரண்டாவது, குதிரைகளை விற்றார். ஆஸ்டன் மார்ட்டின் 2007-இல் போயிற்று. ஜாகுவாரும் லாண்ட் ரோவரும் சேர்ந்து 2008 ஜூன் மாதத்தில் 230 கோடி டாலருக்கு நம் டாட்டா கம்பெனியிடம் வந்தன. 645 கோடிக்கு வாங்கிய வோல்வோ, 2010-இல் சுமார் 150 கோடிக்குச் சீனாவின் கீலி கம்பெனிக்குக் கைமாறிற்று. லிங்கனை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

எவ்வளவு நஷ்டம் என்று தோன்றும். ஆனால் 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் கோர்ட்டின் வாசலில் நின்றபோது, ஃபோர்டு அங்கே போகவில்லை. சர்க்காரின் மீட்புப் பணமும் இல்லாமல் தப்பித்தது. 2012-இல் அடமானம் வைத்த சின்னமும் திரும்பி வந்தது. நஷ்டம் விற்றபோது ஏற்பட்டதன்று; பயன்படுத்தத் தெரியாத பொருளை வாங்கியபோதே ஏற்பட்டது. விற்றபோது அது கணக்கில் ஏறிற்று, அவ்வளவுதான்.

நமக்கு என்ன?

அமெரிக்காவிலுள்ள ஜாகுவார் விற்பனையாளர்களின் சார்பில் பேசிய ஒருவர், இந்தியர்கள் உடைமையாளரானால் காரின் மதிப்புக் கெடும் என்று 2007-இல் பகிரங்கமாகக் கூறினார். இங்கிலாந்தின் தொழிலாளர் சங்கத்தாரோ டாட்டாவுக்கே ஆதரவு கொடுத்தார்கள். நம்மை ஆண்டவர்களின் கௌரவச் சின்னங்கள் நம்மவர் கைக்கு வந்தபோது, நாட்டில் மகிழாதவர் இல்லை. நாமும் மகிழ்ந்தோம். ஆனால் மகிழ்ச்சியோடு எச்சரிக்கையும் வேண்டும். வாங்கிய முதல் வருஷத்தில் டாட்டா மோட்டார்ஸ் குழுவுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம். பிறகு நல்ல காலம் வந்தது. புதிய வண்டிகள் பெயர் பெற்றன. ஆயினும் 2018-ஆம் வருஷத்தின் கடைசி மூன்று மாதங்களில், பெரும்பாலும் இதே இங்கிலீஷ் கம்பெனியால், 26,900 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டக் கணக்கு எழுத நேர்ந்தது. கௌரவம் சோறு போடாது என்பதற்குத் தேச வித்தியாசம் கிடையாது.

மற்றொரு விஷயமும் உண்டு. செலவு வைக்கும் கிளையை வெட்ட வேண்டும் என்ற அதே நியாயத்தைச் சொல்லித்தான், பத்து வருஷங்களில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டமென்று காட்டி, இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தது. 2022-இல் மறைமலைநகர்த் தொழிற்சாலையில் வேலை நின்றது. ஏற்றுமதிக்காக அதை மீண்டும் உபயோகிக்கப் போவதாக 2024-இல் தெரிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் இடையில் கழிந்த வருஷங்களில், அங்கே உழைத்த குடும்பங்களின் பள்ளிக்கூடச் சம்பளமும் வீட்டுக் கடனும் காத்துக்கொண்டிருக்கவில்லை.

முதலாளி கௌரவத்துக்காக வாங்கும்போது யாரையும் கேட்பதில்லை. விவேகத்தோடு விற்கும்போது அதன் பாரம் தொழிலாளியின் தலையில் விழுகிறது. ஆகையால், விற்பதற்கு வேண்டிய துணிச்சலைப் பாராட்டும் நாம், வாங்குவதற்கு முன் வேண்டிய நிதானத்தை அதைக் காட்டிலும் அதிகமாகப் பாராட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். அயல்நாட்டுக் கம்பெனிகளை வாங்கப் புறப்பட்டிருக்கும் நம் தேசத்துத் தொழிலதிபர்கள், டிராய்ட் நகரத்துக்குப் பக்கத்தில் எழுதப்பட்ட இந்தக் கணக்கை ஒரு முறை புரட்டிப் பார்ப்பார்களாக!