சிர் பைனும் காட்டுத்தீயும்

இமயமலையின் வெளிச்சரிவுகளில், சுமார் 500 முதல் 2,000 மீட்டர் உயரம் வரை செழித்து வளரும் மரம் சிர் பைன். ஊசி போன்ற இதன் இலைகள் மும்மூன்றாகக் கொத்துச் சேர்ந்து முளைக்கும். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். கோடையில் பழைய இலைகள் உதிர்ந்து தரையை மெத்தையாக மூடிவிடும். உத்தராகண்ட் மக்கள் இச்சருகைப் பிருல் என்பார்கள். பிசின் ஊறிய பிருல் எளிதில் மட்காது. ஒரு பொறி விழுந்தால் போதும், சரிவு முழுவதும் பற்றிக்கொள்ளும்.

தடித்த பட்டை காப்பதால் வளர்ந்த பைன் பெரும்பாலும் பிழைத்துவிடும். பக்கத்தில் நிற்கும் ஓக் கன்றுகளோ கருகிப்போகும். தீ துடைத்த வெற்றுத் தரையில், காற்றில் பறந்து வரும் சிறகுள்ள பைன் விதைகள் முளைக்கின்றன. தீ அடிக்கடி வரும் இடங்களில் ஓக் காடு சுருங்குவது இப்படித்தான். ஓக் தழை மலைக் கிராமங்களின் மாட்டுத் தீவனம். அது குறைந்தால் தழைக்காகப் பெண்கள் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கிறது.

பைன் மீது மட்டும் பழி போடுவதும் நியாயமில்லை. மண் அரித்துப்போன வறண்ட சரிவில் முதலில் வேரூன்றுவது அதுவே. பிருலைத் தீப்பிடிக்கும் முன்பே வாரி எரிகட்டிகளாக்கும் வேலையும் உத்தராகண்டில் நடக்கிறது.