நெட் போச்சா? ஃபார்மட் அடிக்காதீங்க பாஸ்!

ராத்திரி 11 மணி. 12 மணிக்குள்ள ப்ராஜெக்ட் ஃபைலை அனுப்பியாகணும். அந்த நேரம் பார்த்து உங்க வீட்டு உபுண்டு கம்ப்யூட்டர் ‘நெட் இல்லை’ என்று கையை விரிக்கும். கூடவே பக்கத்து வீட்டு அண்ணன் ஒருத்தர் வருவார். “லினக்ஸ்னாலே இப்படித்தாம்பா, ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுடலாம்!” அவருக்கு டீ கொடுத்து அனுப்பிடுங்க. ஃபார்மட் அடிச்சா நெட் வருதோ இல்லையோ, ப்ராஜெக்ட் போயே போச்சு!

முதல்ல அவசரத்துக்கு ஒரு வழி. ஆண்ட்ராய்டு மொபைலை யு.எஸ்.பி. கேபிளில் செருகி, செட்டிங்ஸில் ‘யு.எஸ்.பி. டெதரிங்’கை ஆன் பண்ணுங்க. பெரும்பாலும் தனியா டிரைவர் எதுவும் கேட்காமலே லினக்ஸ் அதை எடுத்துக்கும். ஃபைலை அனுப்பிட்டு, கேபிளை உருவிட்டு, நிதானமா நோயைத் தேடலாம்.

மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் மொபைல் ஓடுதான்னு பாருங்க. அதுலயும் ஓடலைன்னா கம்ப்யூட்டர் மேல தப்பே இல்லை. ரூட்டரை அணைத்துப் போட்டுப் பாருங்க. அப்பவும் வரலைன்னா லைன்காரருக்கு போன்.

மொபைலில் ஓடுதா? அப்போ செட்டிங்ஸில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தை க்ளிக்குங்க. ‘டிஃபால்ட் ரூட்’ என்று ஒரு நம்பர் இருக்கும். அநேகமா 192.168 என்று ஆரம்பிக்கும். அதுதான் உங்க ரூட்டரின் விலாசம். டெர்மினலைத் திறந்து, ‘பிங்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு அந்த நம்பரைப் போடுங்க. பதில் வந்தால் ரூட்டர் வரைக்கும் பாதை சுத்தம். அடுத்து அதே பிங்கை 8.8.8.8-க்கு அனுப்புங்க. அது கூகுளின் சர்வர். (விண்டோஸ் பிங் நாலு தடவையோடு நிற்கும். லினக்ஸில் கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்துகிற வரை ஓடும். பயப்படாதீங்க!) மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் எழுதின குட்டி புரோகிராம் இது. நீர்மூழ்கியைத் தேடும் சோனாரின் சத்தம்தான் அதுக்குப் பேர். இன்னிக்கும் இதை மிஞ்ச ஆளில்லை.

8.8.8.8 பதில் சொல்லுது, ஆனா பிரவுசரில் எந்த சைட்டும் திறக்கலையா? பெயரை நம்பரா மாற்றித் தரும் டி.என்.எஸ். படுத்துடுச்சு என்று அர்த்தம். லைன் இருக்கு, டைரக்டரிதான் தொலைஞ்சு போச்சு! அதே பல்சக்கரத்தில் ஐபிவி4 பக்கம் போய், டி.என்.எஸ்.ஸின் ‘ஆட்டோமேட்டிக்’கை அணைத்து 1.1.1.1 என்று போட்டு, வைஃபையை ஒரு தடவை அணைத்துப் போடுங்க.

வைஃபை பட்டியலே வரலைன்னா கதை வேற. லேப்டாப்னா, கை தவறி ஏரோப்ளேன் கீயை அழுத்தியிருக்கலாம். விண்டோஸும் சேர்த்து வெச்சிருக்கீங்களா? அதன் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ சில வைஃபை கார்டுகளை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், அதை அணைச்சிடுங்க. நேத்து அப்டேட் போட்டீங்க, இன்னிக்கு வைஃபை இல்லைன்னா புது கெர்னல் மேலதான் சந்தேகம். பிராட்காம் கார்டுக்காரர்களுக்கு இது பழகின தலைவலி. கம்ப்யூட்டர் கிளம்பும்போது வரும் க்ரப் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்க. வைஃபை வந்துட்டா ஆசாமி பிடிபட்டான். அப்புறம் மொபைலை மறுபடி செருகி, புது கெர்னலில் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ திறந்து டிரைவரைப் போட்டுக்கலாம்.